மணற்கடலின் இரு கரைகள்
மொராக்கோவும் அதன் ஆப்பிரிக்க அண்டை நாடுகளும்

இஸ்லாமிய உலகின் மேலைக் கோடியில், அட்லாண்டிக் மாகடலை நோக்கி நிற்கும் நாடு மொராக்கோ. அரபியர் அதனை ‘அல்-மக்ரிப்’ என்பர். கதிரவன் மறையும் திசை என்பது பொருள். வடக்கே ஒரு சிறு நீரிணையைக் கடந்தால் ஸ்பெயின் வந்துவிடும். ஆதலின் அந்நாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வடக்கு நோக்கியே எழுதுகின்றனர். தாரிக் கடல் தாண்டியதும், யூசுஃப் பின் தாஷிஃபீன் 1086-இல் ஸல்லாக்காவில் வென்றதும், கிரனாடா வீழ்ந்ததும் நம் இல்லங்களில் பன்முறை வாசிக்கப்பெற்றவை. அந்நாட்டின் தெற்கு வாயில் வழியே நடந்த வரலாறோ நம் நூல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆயினும் மொராக்கோவின் உயர்வும் தாழ்வும் அத்தெற்கு வாயிலோடு நெருங்கிய தொடர்புடையன. அவ்வழியே அது தன் அண்டை நாடுகளோடு கொண்ட உறவு காலந்தோறும் எவ்வாறு மாறிற்று என்பதை ஈண்டுக் காண்போம்.

ஸஹாராப் பாலைவனத்தின் தென் விளிம்பை அரபியர் ‘ஸாஹில்’ என்று அழைத்தனர். கடற்கரை என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். பாலையை அவர்கள் கடலாகவே கருதினர். ஒட்டகம் அதன் மரக்கலம். நீரூற்றுகள் அதன் தீவுகள். கடல் இரு நாடுகளைப் பிரிக்கவும் செய்யும், இணைக்கவும் செய்யும். மணற்கடலும் அவ்வாறே இரண்டையும் செய்தது.

உப்பும் பொன்னும் கிதாபும்

மொராக்கோவின் புகழ்பெற்ற பழந்தலைநகராகிய மர்ராகிஷ், வடக்கிலிருந்து வந்தவர்களால் அமைக்கப்பட்டதன்று. பதினோராம் நூற்றாண்டில் ஸஹாராவின் ஸன்ஹாஜாக் குலத்தாரிடையே அப்துல்லாஹ் பின் யாஸீன் என்னும் ஆலிம் தொடங்கிய சீர்திருத்த இயக்கமே முராபித்தீன் பேரரசாக வளர்ந்தது. அவர்தம் தலைவர் அபூபக்ர் பின் உமர் ஏறத்தாழ 1070-இல் மர்ராகிஷுக்குக் கால்கோள் இட்டார். பின்னர் வட பகுதியைத் தம் உறவினராகிய யூசுஃப் பின் தாஷிஃபீனிடம் ஒப்படைத்துவிட்டுப் பாலைக்கே திரும்பினார். ஆக, தெற்கு மொராக்கோவுக்கு அந்நியமன்று. அதன் தலைநகரே தெற்கின் கொடையாகும்.

அடுத்து வந்த நூற்றாண்டுகளில் தெற்கே மாலிப் பேரரசு ஓங்கியது. அதன் மன்னர் மன்ஸா மூஸா 1324-இல் ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில் கெய்ரோவில் வாரி வழங்கிய பொன்னைப் பற்றி அரபு வரலாற்றாசிரியர்கள் வியந்து எழுதியுள்ளனர். மொராக்கோவை ஆண்ட மரீனிய சுல்தான் அபுல் ஹஸன் 1337-இல் திலிம்ஸானைக் கைப்பற்றியபோது மாலியிலிருந்து வாழ்த்துத் தூது வந்தது. சுல்தானும் பதில் தூதும் பரிசிலும் அனுப்பினார். இதனை இப்னு கல்தூன் பதிவு செய்திருக்கிறார். இரு முஸ்லிம் அரசர்கள் ஒருவரையொருவர் சமமானவராக மதித்த காலம் அது.

அக்காலத்தின் கண்கண்ட சாட்சி, தஞ்சா நகரில் 1304-இல் பிறந்த இப்னு பதூதா ஆவார். மஅபர் எனப்பட்ட நம் தமிழ்க் கரைக்கும் வந்து, மதுரை சுல்தான் கியாதுத்தீனோடு தங்கிச் சென்ற அதே பயணிதான், தம் நெடும் பயணங்களின் கடைசிக் கட்டமாக 1352-இல் ஸிஜில்மாஸாவிலிருந்து வணிகச் சாத்தோடு தெற்கே புறப்பட்டார். ஸிஜில்மாஸாவில் அவருக்கு விருந்தளித்தவர், முன்பு அவர் சீனத்தில் சந்தித்த ஒருவரின் உடன்பிறந்தார்! அக்கால முஸ்லிம் உலகு எத்துணை விரிந்தும் எத்துணை நெருங்கியும் இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. உப்புப் பாளங்களால் சுவர் எழுப்பி ஒட்டகத் தோலால் கூரை வேய்ந்த தகாஸா என்னும் ஊரை அவர் வழியிற் கண்டார். அவ்வுப்புத்தான் தெற்கே பொன்னுக்கு மாற்றாயிற்று. மாலி மக்களின் சில பழக்கங்களை அவர் கண்டித்தார். ஆயினும் அந்நாட்டில் நீதி தழைத்ததையும், வழிப்போக்கர் அச்சமின்றிச் சென்றதையும், குர்ஆனை மனனம் செய்யும்வரை பிள்ளைகளைப் பெற்றோர் விலங்கிட்டு வைத்திருந்ததையும் பாராட்டியே எழுதினார்.

உப்பு தெற்கே சென்றது; பொன் வடக்கே வந்தது. கிதாபுகளோ இரு திசையிலும் பயணம் செய்தன. மாலிக்கி மத்ஹபின் சட்ட நூல்கள் ஃபாஸிலும் திம்புக்துவிலும் ஒரே பாடமாக ஓதப்பெற்றன. திம்புக்துவின் ஸன்கோரே பள்ளிவாசலைச் சுற்றி வாழ்ந்த ஆலிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நூல் திரட்டி வந்தன.

ஹிஜ்ரி 999

இந்த உறவை முறித்தவர், நாம் வேறொரு காரணத்திற்காகப் போற்றும் மன்னர் என்பது வரலாற்றின் கசப்பான செய்தியாகும். 1578 ஆகஸ்ட் 4 அன்று வாதில் மகாஸின் போரில் போர்த்துக்கீசிய மன்னர் செபாஸ்தியான் படையோடு அழிந்தார். அதே நாளில் மொராக்கோ சுல்தான் அப்துல் மலிக்கும் இறக்கவே, அவர்தம் தம்பி அஹ்மத் அரியணை ஏறி ‘அல்-மன்ஸூர்’ எனும் பட்டம் பெற்றார். மர்ராகிஷில் அவர் எழுப்பிய பதீஃ மாளிகையின் எழிலை இன்றும் நூல்கள் பேசுகின்றன.

ஆயினும் அவருக்கு வடக்கிலும் கிழக்கிலும் வழி அடைபட்டிருந்தது. வடக்கே ஸ்பெயின், கிழக்கே அல்ஜியர்ஸில் உதுமானியத் துருக்கியர். இரண்டையும் எதிர்க்கும் வலிமை அவரிடம் இல்லை. அவர்தம் கண் தெற்கே திரும்பிற்று. அங்கே மாலிக்குப் பின் ஸோங்காய் அரசு நைஜர் ஆற்றங்கரையை ஆண்டுகொண்டிருந்தது. முதலில் தகாஸா உப்புச் சுரங்கங்களின் வரியைக் கேட்டார்; பின்னர் நாட்டையே கேட்டார். ஆலோசனை மன்றத்தில் பெரியோர் தயங்கினர். நீரற்ற பாலையைக் கடந்து படை செல்வதெங்ஙனம் என்று வினவினர். வணிகர் கூட்டம் செல்லும் வழியில் அரசனின் படை செல்லாதோ என்பது சுல்தானின் விடை.

1590 அக்டோபரில் ஜூதர் பாஷாவின் தலைமையில் ஏறத்தாழ 4,000 வீரர்கள் மர்ராகிஷிலிருந்து புறப்பட்டனர். நான்கு மாதத்திற்கும் மேலாகப் பாலையைக் கடந்து, 1591 மார்ச்சில், ஹிஜ்ரி 999 ஜமாதுல் அவ்வலில், காவோ நகருக்கு அணித்தான தொண்திபியில் ஸோங்காய்ப் படையைச் சந்தித்தனர். ஸோங்காயர் எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்தவர். ஆனால் அவர் கையில் வில்லும் ஈட்டியுமே இருந்தன. மொராக்கோவினர் கையிலோ வெடிமருந்துத் துப்பாக்கி. ஒரே நாளில் போர் முடிந்தது. ஹிஜ்ரி ஆயிரமாம் ஆண்டு பிறக்கச் சில திங்களே எஞ்சியிருந்த வேளையில், கிப்லாவை நோக்கித் தொழுத இரு கூட்டத்தாரில் ஒருவர் மற்றவரின் அரசை அழித்தனர்.

தோற்ற மன்னர் அஸ்கியா இஸ்ஹாக் 1,00,000 மித்கால் பொன்னும் 1,000 அடிமைகளும் தருவதாகச் சொல்லிச் சமாதானம் வேண்டினார். ஜூதர் பாஷா அதனை ஏற்க விரும்பி ஓலை அனுப்பினார். சுல்தான் வெகுண்டு அவரை நீக்கி மஹ்மூத் பாஷாவை அனுப்பினார். 1593-இல் இப்பாஷா, விசுவாசப் பிரமாணம் வாங்குவதாகச் சொல்லித் திம்புக்துவின் உலமாக்களை ஸன்கோரே பள்ளிவாசலில் கூட்டினார். கதவுகளை அடைத்துச் சிறைப்படுத்தினார். கோட்டைக்குக் கொண்டுசெல்லும் வழியில் சிலர் கொல்லப்பட்டனர். வீடுகள் சூறையாடப்பட்டன. எஞ்சியோர் குடும்பத்தோடு பாலை வழியே மர்ராகிஷுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

திரைக்குப் பின்னிருந்த சுல்தான்

அவ்வாறு கொண்டு செல்லப்பட்டவர்களுள் 1556-இல் பிறந்த அஹ்மத் பாபா என்னும் பேரறிஞரும் ஒருவர். தம் குடும்பத்தாரிலேயே தம்மிடம் இருந்த நூல்கள்தாம் குறைவு என்றும், அக்குறைந்த தொகுப்பிலேயே 1,600 நூல்கள் பறிபோயின என்றும் அவர் கூறியதாக வரலாறு சொல்கிறது. வழியில் ஒட்டகத்திலிருந்து விழுந்து அவர் கால் முறிந்தது.

1596-இல் சிறையினின்று விடுபட்ட பின் அவர் சுல்தானைக் காணச் சென்றார். அல்-மன்ஸூரோ திரைக்குப் பின்னிருந்து பேசும் வழக்கமுடையவர். திரைக்கு அப்பாலிருந்து அடியார்களோடு பேசுவது இறைவனுக்கே உரியதென்று குர்ஆன் கூறுவதை நினைவூட்டிய அஹ்மத் பாபா, திரை நீங்கினாலன்றித் தாம் பேசுவதற்கில்லை என்றார். திரை நீங்கியது. என் நூல்களைச் சூறையாடி, என்னை விலங்கிட்டுக் கொணர்ந்ததன் காரணம் யாது என்று கேட்டார். முஸ்லிம் உலகை ஒன்றுபடுத்தவே என்பது சுல்தானின் மறுமொழி. அங்ஙனமாயின் உமக்கு அணித்தே திலிம்ஸானில் இருக்கும் துருக்கியரை விட்டு, இத்துணைத் தொலைவு எம்மிடம் வந்ததேன் என்று அந்த ஆலிம் திருப்பிக் கேட்டார். துருக்கியர் உங்களை விட்டிருக்கும்வரை நீங்களும் அவர்களை விட்டுவிடுங்கள் என்னும் கருத்துடைய ஹதீஸைச் சுல்தான் எடுத்துரைக்க, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கூற்றொன்றைக் காட்டி அதற்கும் அஹ்மத் பாபா விடையிறுத்தார். இந்நிகழ்ச்சியை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர் அல்-இஃப்ரானி என்னும் மொராக்கோ வரலாற்றாசிரியரே என்பது கருதத்தக்கது. வென்ற நாட்டின் வரலாறே தோற்ற நாட்டு அறிஞரின் சொல்லை மறைக்காமல் எழுதிவைத்தது.

அஹ்மத் பாபாவின் வினாவில்தான் அப்படையெடுப்பின் உண்மை அடங்கியிருக்கிறது. ஒற்றுமை என்பது அழகிய சொல். ஆயின் வலியாரை விட்டு மெலியாரிடம் மட்டுமே நாடப்படும் ஒற்றுமைக்குப் பேராசை என்பதே சரியான பெயர். அரசர்கள் மார்க்கத்தின் பெயரை எடுக்கும்போது அதனை அளந்து பார்க்கும் துலாக்கோலை அந்த ஆலிம் நமக்குத் தந்திருக்கிறார்.

அவரைப் பகைவராகக் கண்டவர் அரசரே; மக்கள் அல்லர். மர்ராகிஷின் பள்ளிவாசலில் அவர் பாடம் நடத்த, அந்நாட்டுக் காழிகளும் முஃப்திகளும் மாணவராய் அமர்ந்தனர். மாலிக்கி அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து அவர் இயற்றிய ‘நைலுல் இப்திஹாஜ்’ அந்நகரிலேயே நிறைவெய்தியது. அல்-மன்ஸூர் 1603-இல் இறந்தபின், 1608-இல் அவர் தாயகம் திரும்பினார். 1627-இல் திம்புக்துவில் மறைந்தார்.

படையெடுப்பின் பயன் யாது? சில ஆண்டுகள் பொன் வந்தது. சுல்தானுக்கு ‘அத்தஹபி’, பொன்னுக்குரியவர், என்ற பட்டமும் கிடைத்தது. அவர் இறந்ததும் மக்கள் அரியணைக்குப் போரிட, 1618 வாக்கில் மர்ராகிஷ் பாஷாக்களை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அங்கேயே தங்கிய படைவீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து ‘அர்மா’ என்னும் தனிக் குலமாயினர். அரபியில் எய்வோர் எனப் பொருள்படும் ‘ருமாத்’ என்ற சொல்லின் திரிபு அது. பதீஃ மாளிகையின் அணிகளைப் பின்வந்த மௌலாய் இஸ்மாயீல் பெயர்த்தெடுத்து மிக்னாஸுக்குக் கொண்டு சென்றார். அல்-மன்ஸூரின் மகன் ஸைதானின் நூலகம் 1612-இல் கடலில் ஸ்பானியர் கைப்பட்டு எஸ்கோரியல் மடத்தை அடைந்தது. அங்கு 1671-இல் எழுந்த தீயில் எண்ணற்ற அரபு ஏடுகள் எரிந்தன. நூலைப் பறித்த அரசின் நூலும் பறிபோயிற்று.

நிறமன்று, நீதியே

போர் விட்டுச் சென்ற மற்றொரு கொடுமை அடிமை வணிகத்தின் பெருக்கம். தவாத்து மக்கள் இதுபற்றி வினவ, 1615-இல் (ஹிஜ்ரி 1024) அஹ்மத் பாபா ‘மிஃராஜுஸ் ஸுஊத்’ என்னும் ஃபத்வாவை எழுதினார். கருநிறம் அடிமைத்தனத்திற்குக் காரணமாகாது. விரும்பி இஸ்லாத்தைத் தழுவிய ஸோங்காய், கானோ, போர்னு முதலிய நாட்டாரை அடிமைப்படுத்தல் ஹராம். நூஹ் (அலை) அவர்களின் மகன் ஹாமின் வழியினர் சபிக்கப்பட்டவர் என்னும் கதைக்கு ஆதாரமில்லை என்று அவர் நிறுவினார். அன்றைய ஃபிக்ஹு நூல்களின் வரம்பை அவர் முற்றும் கடந்தாரல்லர்; ஜிஹாதில் சிறைப்பட்ட முஸ்லிமல்லாதாரை அடிமையாக்குவதை அவரும் ஏற்றே எழுதினார். ஆயினும் நிறத்தைக் காரணமாக்கிய வணிகரின் வாயை அடைத்தது அவர் எழுதுகோல்.

மொராக்கோவிலும் அக்குரல் எழாமல் இல்லை. மௌலாய் இஸ்மாயீல் (1672–1727) தம் படைக்காகச் சுதந்திரமான கருநிற முஸ்லிம்களையும் அடிமையெனப் பதிவு செய்தபோது, ஃபாஸ் நகரத்து ஆலிம் அப்துஸ் ஸலாம் ஜஸ்ஸூஸ் அதனை ஆகும் என்று ஒப்பமிட மறுத்தார். அவர் பொருள் பறிக்கப்பட்டது; 1709-இல் உயிரும் பறிக்கப்பட்டது.

துப்பாக்கி அறுத்த உறவை மீண்டும் முடிந்தவர்கள் ஸூஃபி ஷைகுமார்களே. 1737-இல் ஐன் மாதியில் பிறந்து, 1798-இல் ஃபாஸில் குடியேறி, 1815-இல் அங்கேயே மறைந்த ஷைகு அஹ்மத் அத்திஜானி (ரஹ்) அவர்களின் தரீக்கா, ஒரு படைவீரனும் இன்றி ஸஹாராவைக் கடந்தது. இன்று ஸெனகல், மாலி, நைஜீரியா நாடுகளில் கோடிக்கணக்கானோர் அதனைச் சார்ந்தவர். ஃபாஸ் நகர ஸியாரத்திற்கு அவர்கள் ஆண்டுதோறும் வருகின்றனர். ஃபாஸின் பெயர் நமக்கும் புதிதன்று. காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் ஓதப்பெறும் ஃபாஸிய்யத்துஷ் ஷாதுலிய்யா தரீக்காவின் பெயரில் அவ்வூரின் பெயர் உறைகிறது.

வரைபடங்களின் காலம்

1912-இல் மொராக்கோ பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளின் பாதுகாப்பு ஆட்சிக்குள் வீழ்ந்தது. 1956-இல் விடுதலை பெற்றது. அதற்குள் ஐரோப்பியர் மணலின் மீது கோடுகள் கிழித்துவிட்டிருந்தனர். விடுதலை பெற்ற மொராக்கோ முதலில் ஆப்பிரிக்க விடுதலையின் நண்பனாக நின்றது. 1961 ஜனவரியில் ஐந்தாம் முஹம்மத் மன்னர் கூட்டிய காஸாபிளாங்கா மாநாட்டில் நாஸர், நக்ரூமா, மோதிபோ கெய்தா, செக்கூ தூரே ஆகியோர் கலந்துகொண்டனர். மொராக்கோவின் வுஜ்தா நகரில்தான் 1962-இல் நெல்சன் மண்டேலா அல்ஜீரிய வீரர்களிடம் போர்ப்பயிற்சி பெற்றார்.

ஆனால் அதே காலத்தில் பழைய பேரரசின் எல்லைகளை மீட்க வேண்டும் என்னும் முழக்கமும் ரபாத்தில் எழுந்தது. மௌரித்தானியா 1960-இல் தனிநாடானதை மொராக்கோ ஏற்கவில்லை. அதன் பொருட்டே 1963 மே மாதம் அடிஸ் அபாபாவில் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்புத் தொடங்கியபோது இரண்டாம் ஹஸன் மன்னர் வரவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அல்ஜீரியாவுடன் எல்லைப் போர் மூண்டது. அதனை நிறுத்தச் சமரசம் பேசப்பட்ட இடம் எது? ஒரு காலத்தில் மொராக்கோ சிதைத்த நைஜர் ஆற்றங்கரை நாடாகிய மாலியின் தலைநகர் பமாக்கோ!

1969 செப்டம்பரில், அல்-அக்ஸா பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டதைத் தொடர்ந்து ரபாத்தில் கூடிய இஸ்லாமிய உச்சி மாநாட்டில் மௌரித்தானியத் தலைவரும் வரவேற்கப்பட்டார். அத்துடன் அந்தப் பிணக்குத் தீர்ந்தது. வல்லரசு இறங்கி வந்ததால் விளைந்த நன்மை அது.

மேற்கு ஸஹாராச் சிக்கல் அவ்வாறு முடியவில்லை. 1975 அக்டோபரில் ஹேக் நகர அனைத்துலக நீதிமன்றம், அப்பகுதியின் சில குலத்தார் சுல்தானுக்குப் பைஅத் என்னும் விசுவாசக் கடப்பாடு கொண்டிருந்தனர் என ஒப்புக்கொண்டது. ஆயினும் மக்களின் தன்னுரிமையை மறுக்கும் அளவுக்கு அது நில இறைமை ஆகாது என்றது. பைஅத் வேறு, எல்லைக்கோடு வேறு என்பதே தீர்ப்பின் சாரம். நவம்பர் 6 அன்று 3,50,000 மொராக்கோ மக்கள் குர்ஆனைக் கையிலேந்தி ‘பசுமைப் பேரணி’யாக எல்லை கடந்தனர். 1976-இல் பொலிஸாரியோ இயக்கம் ஸஹாரா அரபுக் குடியரசை அறிவித்தது. அதன் மக்கள் பல்லாயிரவர் அல்ஜீரியாவின் திந்தூஃப் பாலையில் அகதிகளாயினர். அக்குடியரசுக்கு இடமளிக்கப்பட்டதை எதிர்த்து 1984 நவம்பரில் மொராக்கோ ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பினின்றும் வெளியேறியது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் கண்டத்து மன்றத்தில் அதற்கு இருக்கை இல்லை. அந்த வெற்றிடம் எவருக்கு நட்டம் என்பதை மொராக்கோ படிப்படியே உணர்ந்தது. ஆறாம் முஹம்மத் மன்னர் 1999-இல் பட்டமேற்றபின் தெற்கு வாயில் மீண்டும் திறந்தது. 2000-இல் ஏழை ஆப்பிரிக்க நாடுகளின் கடன்கள் நீக்கப்பட்டன. மொராக்கோ வங்கிகளும் உரத் தொழிலும் மேற்கு ஆப்பிரிக்காவில் கால் ஊன்றின. 2013-இல் மாலியின் 500 இமாம்களுக்குப் பயிற்சி அளிக்க உடன்பாடு ஆயிற்று. 2015-இல் ரபாத்தில் இமாம்கள் பயிற்சி நிலையமும், ஆப்பிரிக்க உலமாக்களுக்கென ஓர் அமைப்பும் தோன்றின. இறுதியில் 2017 ஜனவரி 30 அன்று, 39 நாடுகளின் ஆதரவோடு மொராக்கோ ஆப்பிரிக்க ஒன்றியத்தில் சேர்ந்தது. எந்தக் குடியரசின் பொருட்டு வெளியேறியதோ, அதே குடியரசு அமர்ந்திருக்கும் அவைக்கே அது திரும்பியது.

ஆயினும் கிழக்கு வாயில் அடைபட்டே கிடக்கிறது. அல்ஜீரியாவுடனான தரை எல்லை 1994-இல் மூடப்பட்டது. 2021 ஆகஸ்டில் அல்ஜீரியா தூதுறவையும் துண்டித்தது. ஒரே மொழி, ஒரே மத்ஹபு, எல்லையின் இருபுறமும் ஒரே குடும்பத்தின் கிளைகள். ஒரு தாய் தன் மகளின் நிக்காஹுக்குச் செல்லவும் வேறொரு நாட்டின் வழியே சுற்றிச் செல்ல வேண்டிய நிலை.

இத்துணையும் எண்ணிப் பார்க்கையில் ஓர் உண்மை தெளிவாகிறது. முஸ்லிம் அரசர் வென்றார் என்னும் ஒன்றுகொண்டே ஒரு வெற்றியை நம் பெருமையாகக் கொள்ளுதல் தகாது. வாதில் மகாஸினில் வென்றவர்தாம் திம்புக்துவை அழித்தார். இரண்டையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும். கேட்கத் துணிந்த ஆலிமையும், மறைக்காமல் எழுதிய வரலாற்றாசிரியரையும், ஒப்பமிட மறுத்து உயிர் நீத்த பெரியாரையும் அவர்களுக்கு அறிமுகம் செய்தல் வேண்டும். அவர்களும் இச்சமுதாயத்தின் வரலாறேயாவர்.

திம்புக்துவில் 1973-இல் அஹ்மத் பாபாவின் பெயரால் ஏட்டுச்சுவடி நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. 2013 ஜனவரியில், மார்க்கத்தின் பெயர் சொல்லி அந்நகரைப் பிடித்திருந்த ஆயுதக் கூட்டத்தார் ஓடிப்போகும்போது அதன் ஏடுகளில் ஏறத்தாழ நான்காயிரத்தை எரித்தும் அழித்தும் சென்றனர். ஆனால் அந்நகரின் ஏடுகளில் மிகப் பெரும்பகுதியை நூலகப் பணியாளரும் பழங்குடும்பத்தாரும் தகரப் பெட்டிகளில் மறைத்து, வண்டியிலும் படகிலும் ஏற்றி, முன்னரே பமாக்கோவுக்குக் கொண்டு சேர்த்திருந்தனர். நானூறு ஆண்டுகளுக்கு முன் தம் முன்னோர் இழந்ததை அவர்கள் மறக்கவில்லை.